வகுப்பில் சைஸுக்கும் ஒரு நாற்காலி

ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பார்த்திராத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பிள்ளையைத் தூக்கிச் சேணத்தில் வைப்பார்கள், ஒரு போட்டோ எடுப்பார்கள், குதிரைக்காரர் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிவந்து இறக்கிவிடுவார். அந்தக் குட்டைக் குதிரையின் நடையையே பெருமூளை வாதம் வந்த பிள்ளைக்குச் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்பதைக் குன்னூரைச் சேர்ந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் படிக்கும் காலத்திலேயே தெரிந்துவைத்திருந்தார். எப்படிக் கொடுப்பது என்பதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. பட்டம் வாங்கிய பிறகு தொடங்கிய அந்தப் படிப்பு இன்னும் முடியவில்லை. அதற்கு ஆசிரியர்கள் மலையில் ஆங்காங்கே இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தாங்கள் ஆசிரியர்கள் என்பதே தெரியாது.

நடந்து போகும் குதிரையின் முதுகு, உட்கார்ந்திருப்பவரின் இடுப்பை முன்னும் பின்னும் தள்ளுகிறது, பக்கவாட்டில் சாய்க்கிறது, சற்றே திருப்பவும் செய்கிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இதே ஒழுங்கில்தான். நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு தடவை இந்த அசைவு வந்துகொண்டே இருக்கும்; ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் உடம்பு தன்னை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். சொந்தக் காலில் நடந்தறியாத பிள்ளையின் இடுப்புக்கும் முதுகுக்கும் நடையின் தாளம் அப்போதுதான் பழக்கமாகிறது. சிகிச்சை அறையில் பந்தை வைத்துக்கொண்டு எத்தனை கெட்டிக்காரத் தெரபிஸ்டும் இத்தனை அசைவை இத்தனை ஒழுங்காகக் கையால் கொடுத்துவிட முடியாது.

2003இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வைத் தன்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்வார். பெருமூளை வாதத்தால் தசை இறுகிய 15 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நடக்கும் குதிரையில் 8 நிமிடம். மற்றது அசையாத பீப்பாயின் மேல் கால் பரப்பி அதே 8 நிமிடம். உட்காருவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் தசைகளின் மின்துடிப்பை அளந்து பார்த்தபோது, குதிரையில் இருந்த பிள்ளைகளுக்கு இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் இருந்த ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது. பீப்பாயில் இருந்தவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றமில்லை. பிள்ளைகள் 15 பேர்தான், நேரமும் 8 நிமிடம்தான் என்பதையும் அவர் கூடவே சொல்லிவிடுவார். இந்தத் துறையில் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பெருமூளை வாதத்தில் உட்காரும் நிலையும் சமநிலையும் தேறுகின்றன என்பதற்குச் சான்று ஓரளவு சேர்ந்திருக்கிறது. மற்ற குறைபாடுகளுக்குச் சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது. “நடந்துருவானா?” என்று கேட்கிற அம்மாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலின் ஒரு பாடம்.

உலகத்தில் குதிரைச் சிகிச்சை பரவியதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை பெரிய காரணம். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944இல் போலியோவால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார், 1956இல் மறுபடியும் வெள்ளி. 1969இல் பிரிட்டனில் ‘ரைடிங் ஃபார் தி டிஸேபிள்ட்’ சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு இன்று ‘பாத் இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டுமானால் தொடர்ந்து படித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் 1982 முதல் இத்தகைய சங்கம் இயங்குகிறது.

நம் நாட்டு நிலைமை வேறு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்கள் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் 100 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்டுகள் அந்தக் கவுன்சிலில் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்த மத்தியச் சட்டம் 2021இல்தான் வந்தது. கால்நடை மருத்துவர்களுக்குத் தனிக் கவுன்சில், தனிப் பயிற்சிகள். குதிரையை வைத்துச் சிகிச்சை செய்கிறவர் இந்த எல்லா வேலிகளுக்கும் இடையில் நிற்கிறார். நாளைக்கே யாரும் ஒரு குதிரையை வாங்கி, வாசலில் தெரபி என்று பலகை மாட்டிவிடலாம். மாட்டுகிறவருக்கு என்ன தெரியும் என்று கேட்க ஆளில்லை என்பதுதான் குன்னூர்க்காரரை உறுத்தியது. கேட்க ஆளில்லாத இடத்தில் தன்னைத் தானே கேட்டுக்கொள்வது என்று அவர் முடிவெடுத்தார்.

முதலில் தன் சொந்தப் பாடத்தையே குதிரையின் மேலிருந்து திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. தொடையின் உள்தசை இறுகி, இரண்டு கால்களும் கத்தரிபோல் குறுக்கே பின்னிக்கொள்ளும் பிள்ளையை அகன்ற முதுகில் உட்கார வைத்தால் இடுப்பு வலிக்கும். அவனுக்கு ஒடுங்கிய முதுகு வேண்டும். தசை தளர்ந்து துவண்டு உட்காரும் பிள்ளைக்கோ குட்டையாகவும் சுறுசுறுப்பாகவும் எட்டு வைக்கும் குதிரை நல்லது, ஒவ்வொரு எட்டும் அவளை எழுப்பிவிடும். இறுக்கம் உள்ளவனுக்கு நீளமான, மெதுவான நடை. குதிரை நின்று மறுபடி கிளம்பும்போது வயிற்றுத் தசை வேலை செய்கிறது. வளைந்து திரும்பும்போது வெளிப்பக்க விலா விரிகிறது. சேணத்துக்குப் பதில் தடித்த விரிப்பைப் போட்டால் குதிரையின் சூடு பிள்ளையின் தொடைக்கு ஏறி, தசை இளகும். ஒரே குதிரை எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. ஒரே பிள்ளைக்கும் எல்லா மாதமும் ஒரே குதிரை ஆகாது.

இங்கேதான் நீலகிரி கைகொடுத்தது. வெளிநாட்டுக் கையேடுகள் சமதளமான மணல் அரங்கை வைத்து எழுதப்பட்டவை. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் சமதளம் ஏது? ஏற்றத்தில் குதிரை போகும்போது பிள்ளை பின்னால் சரியாமல் முன்னால் வர வேண்டும். இறக்கத்தில் அதற்கு நேர்மாறு. சரிவையே பயிற்சியாக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். எந்தச் சரிவு எந்தப் பிள்ளைக்கு, எத்தனை சுற்று, மழை பெய்த மறுநாள் எந்தத் திருப்பம் வழுக்கும் என்பதை எல்லாம் நோட்டில் குறித்து வைத்தார். மார்ச்சில் எழுதிய குறிப்பு ஜூலையில் உதவாது. தென்மேற்குப் பருவமழையில் பாதை வேறு, குளம்பின் பிடி வேறு, குதிரையின் மனநிலையும் வேறு.

ஏற்றக் கூடாதவர்கள் யார் என்ற பட்டியலை அவர் ஆண்டுதோறும் புதிதாகப் படிக்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் பிடிமானம் தளர்ந்திருக்கும். குதிரையின் சாதாரண அதிர்வே முதுகுத்தண்டுக்கு ஆபத்தாகலாம். கட்டுப்படாத வலிப்பு, நழுவிய இடுப்பு மூட்டு, கடுமையான முதுகுக் கூனல், குதிரை முடி ஒவ்வாமை என்று பட்டியல் நீளும். எக்ஸ்ரேயும் டாக்டர் கடிதமும் இல்லாமல் அவர் பிள்ளையைத் தூக்கி வைப்பதில்லை. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி வந்த குடும்பத்தைத் திருப்பி அனுப்பவும் அவர் தயங்குவதில்லை. வந்ததற்குப் பிள்ளை குதிரையைத் தடவிக் கொடுக்கட்டும், கழுத்து முடியை வாரிவிடட்டும் என்பார். தரையில் நின்று குதிரையோடு செய்கிற வேலைகளும் இந்தத் துறையில் ஒரு கிளைதான். முதுகில் ஏறினால்தான் சிகிச்சை என்பது பார்க்கிறவர்களின் எண்ணம்.

குதிரையைப் பற்றி அவர் கற்றதில் பெரும்பங்கு ஒரு சைஸிடமிருந்து, அதாவது குதிரையைப் பராமரிக்கும் தொழிலாளியிடமிருந்து, வந்தது. ரேஸ் லாயங்களில் சைஸாக இருந்து, பிறகு ஏரிக்கரையில் சொந்தக் குதிரை வைத்துப் பிழைத்தவர். எல்லோருக்கும் அவர் பாய். ஊட்டியில் குதிரைத் தொழில் என்றால் ஒருபுறம் ரேஸ், ஒருபுறம் சவாரி. வெலிங்டன் ராணுவ வட்டாரத்தில் வேறொரு குதிரையேற்ற மரபு. சென்னை ரேஸ் கிளப் நடத்திவந்த ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கர் நிலத்தை, குத்தகை பாக்கிக்காக 2024 ஜூலையில் அரசு கையகப்படுத்தியது. அந்த மைதானத்தை நம்பிக் கற்ற கைத்திறன் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. அதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு.

சிகிச்சைக்குக் குதிரை தேடியபோது, ஓய்வு பெற்ற ரேஸ் குதிரையை வாங்கலாமா என்று அவர் கேட்டார். பாய் வேண்டாம் என்றார். “ஓடுறதுக்குன்னே வளத்தது டாக்டரம்மா. பின்னால சத்தம் கேட்டா ஓடணும்னுதான் அதுக்குத் தெரியும்.” அதற்குப் பதில் ஏரிக்கரைக் குதிரைகளைக் காட்டினார். குடை விரியும் சத்தம், பஸ் ஹாரன், பலூன், கத்துகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று பழகியவை அவை. உயரமும் தோது: பக்கத்தில் நடந்து வருகிறவரின் தோள் மட்டத்தில் பிள்ளையின் இடுப்பு வந்துவிடும், பிடித்துக்கொள்ள எளிது. ரேஸ் குதிரை ஆகவே ஆகாது என்று இதைப் பொதுவிதியாக்க முடியாது. சிங்கப்பூரில் ஈக்குவல் என்ற அமைப்பு ஓய்வு பெற்ற ரேஸ் குதிரைகளை நெடுநாள் மறுபயிற்சி கொடுத்துப் பிள்ளைகளோடு பழக்குகிறது. அந்த மறுபயிற்சிக்கு வேண்டிய இடமும் ஆளும் பணமும் இருந்தால்தான் அது நடக்கும்.

ஏரிக்கரைக் குதிரைக்கும் மறக்க வேண்டிய பழக்கங்கள் இருந்தன. சுற்றுலாப் பயணிகள் ஊட்டி கேரட்டைக் கையில் நீட்டி நீட்டி, எந்தக் கையைப் பார்த்தாலும் வாயால் துழாவும் குணம் அதற்கு வந்திருந்தது. விரல் மடங்காத பிள்ளையின் கை அந்த வாயருகே போனால் என்ன ஆகும்? கேரட் இனி வாளியில் மட்டும்தான் என்பது லாயத்தின் முதல் சட்டமானது. அந்தச் சட்டம் பாய் போட்டது.

2014இல் இத்தாலிய ஆய்வாளர்கள் முன்நின்று குதிரையின் முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிடும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஆறு அடையாளங்கள்: விறைத்துப் பின்னே போன காது, இறுகிய இமை, கண்ணுக்கு மேலே புடைத்த எலும்புப் பகுதி, திரண்ட தாடைத் தசை, இறுகிய வாயும் துருத்திய முகவாயும், விரிந்து விறைத்த மூக்குத்துளை. அந்தப் படங்களை அச்செடுத்துக்கொண்டு போய்ப் பாயிடம் காட்டினார் அவர். கீழே இருந்த ஆங்கில எழுத்தைப் பாய் பார்க்கவே இல்லை. முதல் படத்துக்கு “சும்மா நிக்குது”, அடுத்ததுக்கு “வயித்து வலி”, அதற்கடுத்ததுக்கு “வலிதான், ஆனா எங்கன்னு நடக்கவிட்டுப் பாக்கணும்” என்றார். தான் படித்து வந்த அளவுகோலைவிட அந்த மூன்றாவது பதிலில் அதிகம் இருந்ததை அவர் உணர்ந்தார். முகம் வலியைச் சொல்லும், இடத்தைச் சொல்வது நடை.

அன்றிலிருந்து லாயத்தில் ஒரு வழக்கம் நிலைத்தது. காலையில் பாய் குதிரையை வாரும்போது தெரபிஸ்டும் கூட நிற்பார். வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை தலையைத் திருப்பிக் கடிக்க வருகிறதா, வாலை அடிக்கிறதா, ஒரு காலை மட்டும் ஓயாமல் தூக்கி வைக்கிறதா என்று பார்ப்பார். “இன்னிக்கு இவன் வேண்டாம்” என்று பாய் சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு ஓய்வு; எதற்கு என்ற கேள்வி மாலையில்தான். ஒரு பக்கம் சாய்ந்தே உட்காரும் பிள்ளைகளை நாள் முழுதும் சுமக்கிற குதிரைக்கு முதுகு ஒருபக்கமாக நோகும். அதனால் அடுத்தடுத்து எத்தனை பிள்ளை என்பதற்கு வரம்பு வைத்தார்கள். பிள்ளைக்கு நல்லதைச் செய்கிறோம் என்ற எண்ணத்தில் குதிரையைத் தேய்த்துவிடுவது இந்தத் துறையில் எளிதாக நடக்கிற அநியாயம். இதை அவர் எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்வார்.

அடுத்த ஆசான் கால்நடை மருத்துவர். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டு வயிறு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஊட்டித் தெருக்களில் அவிழ்த்துவிடப்பட்டுக் குப்பைத்தொட்டியில் மேயும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மழைக்காலத்தில் சேற்றிலேயே நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடி அழுகி நாற்றம் எடுக்கும். மலையில் எங்கும் முளைக்கும் ஒருவகைப் பெரணியைத் தொடர்ந்து தின்றால் குதிரையின் நரம்புகள் கெடும். தள்ளாடும் குதிரை மேல் பிள்ளையை ஏற்ற முடியுமா? கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இல்லை, உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதே சட்டம். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளோடு வேலை செய்கிறவருக்கு ரத்தப் பரிசோதனை எப்போது, எங்கே என்பது பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கால்நடை மருத்துவத்தைப் பார்த்துக் கற்பதில் நீலகிரி கொடுத்துவைத்த மாவட்டம். அருவங்காட்டில் டபிள்யூவிஎஸ் என்ற கால்நடை மருத்துவ அமைப்பின் பன்னாட்டுப் பயிற்சி மையம் இருக்கிறது. நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்யும் முறையைக் கற்க வெளிமாநில, வெளிநாட்டுக் கால்நடை மருத்துவர்கள் அங்கே வருகிறார்கள். மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் ஐபேன் அமைப்பின் காப்பகத்தில் கைவிடப்பட்ட குதிரைகளும் கழுதைகளும் பராமரிக்கப்படுகின்றன. வயதான, அடிபட்ட, பயந்த குதிரைகளைப் பார்த்துப் படிக்க அதைவிட நல்ல இடம் மலையில் இல்லை. ஆரோக்கியமான குதிரையை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு நோயின் முதல் அடையாளம் தெரியாது என்பது அவர் முடிவு.

அடைமழைக் காலத்தில் சவாரி நிற்கும், படிப்பு நடக்கும். வெளிநாட்டு இணைய வகுப்புகள் நம் ஊர் நள்ளிரவில் வரும். மழைக்குக் கரண்ட் போய்விட்டால் பாதியில் அறுந்துவிடும். கட்டணம் டாலரில். அதைவிடப் பயனுள்ளதாக அவர் நினைப்பது லாயத்துக்குள் செய்கிற ஒத்திகையை. குதிரையை ஒருவர் நடத்த, இருபுறமும் இருவர் நடக்க, பிள்ளையின் எடைக்கு மணல் மூட்டை ஒன்று மேலே இருக்கும். “இறக்கு” என்ற சொல் விழுந்ததும் நடத்துகிறவர் குதிரையை நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் காலை விடுவிக்க, மற்றவர் உடம்பை அணைத்து இறக்க வேண்டும். குன்னூர்ப் பக்கம் தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை எழுந்து நிற்பது அன்றாடம். மூடுபனியில் மனிதர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் குதிரையின் இரண்டு காதும் அந்தத் திசைக்குத் திரும்பிவிடும். காது திரும்பிய கணத்திலேயே நிற்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே பிள்ளையோடு நடக்கலாம். அமெரிக்கக் கையேட்டில் காட்டெருமைக்கு அத்தியாயம் இல்லை. அதைப் பாயும் அவரும் சேர்ந்து தமிழில் எழுதினார்கள்.

அவருக்குக் கோபம் வந்த நாள் ஒன்று உண்டு. சமவெளி நகரம் ஒன்றில் குதிரைச் சிகிச்சை பற்றிப் பயிற்சி முகாம் நடந்தது. பெரிய மண்டபம், திரையில் நல்ல படங்கள், தெரபிஸ்டுகளும் சிறப்பாசிரியர்களும் நிறைய. செய்முறைக்காகக் கொண்டுவந்த குதிரைகளை வெளியே வெயிலில் சைஸ்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே குதிரையின் உடல்மொழி பற்றி ஆங்கிலத்தில் விரிவுரை. பிற்பகலில் குதிரை உள்ளே வந்தது, சைஸ் கயிற்றைக் கொடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினார். மாலையில் உள்ளே இருந்த எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. விபத்து நேரும் நொடியில் கயிறு யார் கையில் இருக்குமோ, அவருக்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை; ஏரிக்கரையிலோ பீச்சிலோ சம்பாதித்திருக்கக்கூடிய ஒருநாள் வருமானமும் போனது.

அதன் பிறகு குன்னூர்க்காரர் எந்த முகாமுக்குப் பேச அழைத்தாலும் சைஸ்களும் வகுப்பில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொள்கிறார். தான் கற்பதைத் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேச்சாகப் பதிந்து செல்போனில் அனுப்புகிறார். இதனால் கற்பது இருபக்கமும் நடக்கிறது. இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது, வலிப்பு வரும்முன் பிள்ளையின் கண் எப்படி நிலைகுத்தும் என்பது இன்று பாய்க்குத் தெரியும். லாடம் தளர்ந்த குதிரையைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கத் தெரபிஸ்டுக்குத் தெரியும்.

மறுவாழ்வு நிறுவனங்களும் கால்நடைப் பல்கலைக்கழகமும் இந்தத் துறைக்குப் பாடத்திட்டம் எழுத உட்காரும் நாள் வரத்தான் போகிறது. சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அதே நகரில்தான். இரண்டு தரப்பும் ஒரு மேசைக்கு வந்தால் தமிழ்நாடே முதல் பாடத்திட்டத்தை எழுதிவிட முடியும். அதுவரை காத்திருக்காமல் முகாம் நடத்துகிறவர்களுக்கு அவர் வைக்கிற கோரிக்கை சிறியது. சைஸின் அன்றைய கூலியைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். வகுப்பில் பாதியையாவது தமிழில் நடத்துங்கள். குதிரையைப் பிடிக்க வேறு ஆளை நிறுத்திவிட்டு, அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.